எழுபத்திரண்டு பெயர்கள்

2015-ல் வெளியான 'பாகுபலி' படத்தைப் பார்த்தவர்களுக்குக் காலகேயர்களை மறந்திருக்காது. அவர்கள் பேசிய மொழி யாருக்கும் புரியவில்லை. புரியக்கூடாது என்பதுதான் நோக்கமும்! 'கிளிக்கி' என்று பெயரிடப்பட்ட அந்த மொழியைப் படத்துக்காக உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. அவர் கணினி அறிவியலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே படித்தபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலையில் விளையாட்டாக அவர்களோடு சேர்ந்து ஒரு குட்டி மொழியை ஆரம்பித்திருக்கிறார். அதுதான் பின்னால் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக வளர்ந்தது. 'நான்' என்பதற்கு 'மின்' என்று வைத்துக்கொண்டார். 'நீ' என்பதற்குப் புதிதாக யோசிக்கவில்லை, அதையே திருப்பிப் போட்டு 'நிம்' என்று வைத்துவிட்டார்.

இந்தச் சின்னத் தந்திரத்தில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 'நிம்' என்ற சொல் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. ஒரு விதி அதைப் பெற்றெடுத்தது. சொல்லை மனிதன் செய்யாமல் விதியே செய்துகொண்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத்தான் இன்று கம்ப்யூட்டர் புரோகிராம்கள் இருக்கின்றன. கற்பனை மொழி உருவாக்குகிறவர்கள் எழுத்துகளின் பட்டியலையும், அசை எப்படி அமையலாம் என்ற விதிகளையும் கொடுத்தால் போதும். பொத்தானை அழுத்தியதும் நூறு சொல், ஆயிரம் சொல் என்று கொட்டும். ஜே. ஆர். ஆர். டோல்கீன் தன் கதைகளின் மொழிகளை வாழ்நாள் முழுக்கக் கையால் இழைத்து இழைத்துச் செய்தார். 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய லோஜ்பன் என்ற மொழியில் வேர்ச்சொற்களைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்தது. சீனம், ஆங்கிலம், இந்தி, ஸ்பானிஷ், ரஷ்யன், அரபி ஆகிய ஆறு மொழிகளின் சொற்களை எடுத்து, பேசுவோர் தொகைக்கு ஏற்ப மதிப்பெண் போட்டு, எந்த ஒலிக்கூட்டம் அதிக மதிப்பெண் வாங்குகிறதோ அதைச் சொல்லாக்கினார்கள். தொகைக் கணக்கில் தமிழுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு மொழியில் எந்தச் சொல் பிறக்கலாம், எது பிறக்கக்கூடாது என்று விதி எழுதுவது தமிழுக்குப் புதிதே அல்ல. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தைப் பாருங்கள். சொல்லின் முதலில் எந்த எழுத்து வரலாம், கடைசியில் எது வரலாம், நடுவில் எந்த மெய்யோடு எந்த மெய் சேரலாம் என்று வரிசையாக இருக்கும். மொழிமுதல் எழுத்துகள் அதன்படி 94. உயிர் பன்னிரண்டும் வரும். க, த, ந, ப, ம ஆகிய ஐந்தும் எல்லா உயிரோடும் சேர்ந்து வரும். சகரம் ஒன்பது உயிரோடுதான் வரும், வகரம் எட்டோடு, ஞகரம் மூன்றோடு, யகரம் ஒன்றே ஒன்றோடு. கூட்டினால் 93, குற்றியலுகரம் ஒன்றைச் சேர்த்தால் 94. இது அப்படியே ஒரு புரோகிராமுக்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடு!

இந்த விதிகளைக் கொடுத்தால் 'பெழுனை', 'திமுவல்', 'கோளிப்பு' போன்ற சொற்கள் வெளியே வரும். மூன்றுக்கும் அர்த்தம் கிடையாது. ஆனால் யாராவது 'எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள்' என்றால் நம்பிவிடத் தோன்றும். 'ட்ரூக்' என்றோ 'ஙொப்' என்றோ சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு மொழியின் முகம் அதன் சொற்களில் மட்டும் இல்லை, இன்னும் பிறக்காத சொற்களிலும் இருக்கிறது.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொல்காப்பியர் கணக்கில் 'ச' என்ற எழுத்தே சொல்லின் முதலில் வராது. அதாவது சங்கு, சட்டி, சண்டை எல்லாமே விதிக்கு வெளியே. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூலில் பவணந்தி முனிவர் சகரத்துக்குப் பன்னிரண்டு உயிரையும் கொடுத்து, யகரத்துக்கு ஆறு, ஞகரத்துக்கு நான்கு என்று கூட்டி, மொத்தத்தை 103 ஆக்கினார். மக்கள் முதலில் விதியை மீறினார்கள், இலக்கணம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது. மொழியில் வழக்கமாக நடப்பது இதுதான்.

இதற்கு நேர் எதிராக, விதி முதலில் வந்து, அது பெற்ற பிள்ளைகளுக்குப் பிறகு உயிர் வந்த கதை ஒன்று உண்டு. அது நடந்த இடம் தஞ்சாவூர். விஷயம் மொழி அல்ல, சங்கீதம். ஆனால் அந்தக் கதையின் முடிவில் எழுபத்திரண்டு பெயர்கள் நிற்கின்றன. அத்தனையும் விதியை வைத்துச் செய்த சொற்கள்.

தஞ்சை நாயக்கர்களின் அரசவையில் மூன்று தலைமுறை மன்னர்களுக்கு அமைச்சராக இருந்தவர் கோவிந்த தீட்சிதர். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி இருக்கும் பதினாறு மண்டபங்களும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அவருடைய மகன் வேங்கடமகி. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விஜயராகவ நாயக்கரின் ஆட்சியில் (1633-1673), அவர் 'சதுர்தண்டி பிரகாசிகை' என்ற சமஸ்கிருத நூலை எழுதினார்.

அந்த நூலைப் புரிந்துகொள்ள முதலில் வீணையைப் பார்க்க வேண்டும். பழைய வீணைகளில் ராகத்துக்கு ஏற்றபடி மெட்டுகளை நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. விஜயராகவருக்கு முன் ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் தஞ்சை வீணை 24 மெட்டுகளோடு நிலைபெற்றது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, இரண்டு ஸ்தாயிக்கு இருபத்து நான்கு. மெழுகில் பதித்த மெட்டை இனி நகர்த்த வேண்டியதில்லை, எல்லா ராகத்தையும் அதே மெட்டுகளில் வாசிக்கலாம். ஸ்வரம் என்பது இப்படிக் கையால் தொட்டு எண்ணக்கூடிய பன்னிரண்டு இடங்களாக ஆனது. எண்ண முடிந்தால் கணக்குப் போடலாம் அல்லவா? வேங்கடமகி போட்டார்.

கணக்கு எளிது. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாது. ரிஷபத்தில் மூன்று வகை, காந்தாரத்தில் மூன்று வகை. பெருக்கினால் ஒன்பது ஜோடி. ஆனால் ரிஷபத்தைவிடக் காந்தாரம் மேலே இருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே மெட்டில் உட்காரவும் முடியாது, காந்தாரம் கீழே போகவும் முடியாது. அப்படிப் பார்த்தால் மூன்று ஜோடி அடிபட்டு ஆறு மிஞ்சும். இந்த இடத்தில் மேலே சொன்ன மெய்ம்மயக்கம் நினைவுக்கு வர வேண்டும், எதனோடு எது சேரலாம் என்ற அதே வகை விதிதான் இது. தைவத நிஷாதத்திலும் இதேபோல் ஆறு ஜோடி. மத்யமம் இரண்டு. ஆறை ஆறால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் 72.

இந்த எண்ணிக்கையில் வேங்கடமகிக்கு இருந்த நம்பிக்கை அசாத்தியமானது. கடவுளே வந்தாலும் இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்ற தோரணையில் பேசுகிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1550-ல், விஜயநகரத்தின் ராமாமாத்யர் 'ஸ்வரமேளகலாநிதி'யில் இருபது மேளங்களைச் சொல்லியிருந்தார். அது வழக்கில் இருந்த ராகங்களைப் பார்த்துப் போட்ட பட்டியல். வேங்கடமகி அவரைச் சும்மா விடவில்லை, கடுமையாகவே கிண்டல் செய்திருக்கிறார்.

ஆனால் வேங்கடமகி காலத்தில் உண்மையில் பாடப்பட்ட மேளங்கள் எத்தனை? அவரே சொல்கிறார், பத்தொன்பது. மீதி ஐம்பத்து மூன்றும் வெறும் கணக்கு! பாடாத மேளம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. வேறு தேசங்களில் இருப்பதும், இனிமேல் பிறக்கப்போவதும் இதற்குள் அடங்கும் என்பது அவர் பதிலின் சாரம். பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டி வைத்தவர் என்று சொல்லலாம்.

தொட்டில் கட்டினால் பெயர் வைக்க வேண்டும். சதுர்தண்டி பிரகாசிகையின் மூலத்தில் எழுபத்திரண்டுக்கும் பெயர்ப் பட்டியல் கிடையாது. பெயர்கள் அதற்குப் பின்னால் வந்த அனுபந்தத்தில்தான் இருக்கின்றன, அது அவர் பரம்பரையில் வந்த முத்து வேங்கடமகியின் வேலை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 'கனகாம்பரி, பேனத்யுதி' என்று தொடங்கும் வரிசை அது. 'கனகாங்கி, ரத்னாங்கி' என்று தொடங்கி 'ரசிகப்ரியா'வில் முடியும் இன்றைய வரிசை, 'சங்கிரக சூடாமணி' என்ற நூலோடு சேர்ந்தது. இரண்டு வரிசைகள், இரண்டு வழிகள். ஆனால் பெயர் செய்யும் முறை மட்டும் இரண்டிலும் ஒன்றே. அதற்குப் பெயர் கடபயாதி.

கடபயாதி என்பது எழுத்தை எண்ணாக்கும் முறை. கேரளத்து வானியல் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பயன்படுத்தியது. சமஸ்கிருத மெய்யெழுத்துகளில் க, ட, ப, ய ஆகிய நான்கும் 1. அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ககரத்தில் தொடங்கினால் ஒன்பது எழுத்து தாண்டி ஞ வரும்போது 0. டகரத்தில் தொடங்கினால் ந-வில் 0. பகர வரிசை ம-வோடு 5-ல் நின்றுவிடும். ய, ர, ல, வ என்று போனால் ஹ என்பது 8. ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் எழுதி, அதைத் திருப்பிப் படித்தால் மேளத்தின் எண் கிடைக்கும்.

மாயாமாளவகௌளை. ம 5, ய 1. திருப்பினால் 15. பாட்டு கற்கும் எல்லாப் பிள்ளைகளும் ஸரளி வரிசை பாடும் அந்த ராகம் பதினைந்தாவது மேளம். ஹரிகாம்போஜியில் ஹ 8, ர 2, ஆக 28. ரசிகப்ரியாவில் ர 2, ஸ 7, ஆக 72. கதை முடிந்தது.

இதில் சுவாரசியம் எங்கே என்றால், கல்யாணி, சங்கராபரணம் போன்ற ராகங்கள் இந்தக் கணக்குக்கு முன்பே பெயரோடு இருந்தவை. கல்யாணியின் முதல் இரண்டு எழுத்து 65 என்று சொல்லாது. என்ன செய்வது? பழைய பெயரை மாற்றினால் யாரும் ஏற்க மாட்டார்கள். எனவே முன்னால் ஒரு சொல்லை ஒட்டினார்கள். 'மேசகல்யாணி'. ம 5, ச 6, ஆக 65. இன்னொரு வரிசைக்காரர்கள் அதே கல்யாணிக்கு 'சாந்த' என்று ஒட்டினார்கள். 'ஶ' என்பது 5, அடுத்து வரும் 'த' 6. அதுவும் 65! மேசமும் சாந்தமும் பொருளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டு பேரும் தேடியது பொருளை அல்ல, 5, 6 என்ற எண்ணை என்பது இதிலிருந்து தெரிகிறது. சங்கராபரணத்துக்கு 'தீர' ஒட்டி 29. தோடிக்கு 'ஹனும' ஒட்டி 8.

மேசகல்யாணி என்ற பெயரைக் கேட்டதும் ராகத்தின் ஸ்வரங்களையே கணக்கிட்டுவிடலாம். 65-ல் ஒன்றைக் கழித்தால் 64. அது 36-க்கு மேல் இருப்பதால் பிரதி மத்யமம். 36-ஐ எடுத்தால் மீதி 28. அதை ஆறால் வகுத்தால் ஈவு நான்கு, மீதி நான்கு. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் இரண்டிலும் ஐந்தாவது ஜோடி. அதாவது சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். கல்யாணி வந்துவிட்டது! புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இதை ஐந்து வரியில் எழுதிவிடுவார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னூறு வருடம் முன்பு ஓலையில் எழுதப்பட்ட கணக்கு இது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1668-ல், லண்டனில் ஜான் வில்கின்ஸ் என்ற பாதிரியார் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகத்துப் பொருள்களை எல்லாம் நாற்பது வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் இரண்டு எழுத்து, உட்பிரிவுக்கு ஓர் எழுத்து, அதற்கும் உட்பிரிவுக்கு இன்னோர் எழுத்து என்று சேர்த்துக்கொண்டே போனால் சொல் தானாக வரும் என்றார். 'தெ' என்றால் பூதம், 'தெப்' என்றால் நெருப்பு, 'தெபா' என்றால் சுடர். சொல்லைக் கேட்டால் அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது அவர் கனவு. தஞ்சாவூர் அட்டவணைக்கும் அதே கனவுதான். லண்டன்காரர் உலகம் முழுவதையும் அட்டவணைக்குள் அடைக்கப் பார்த்தார். அந்த மொழியை யாரும் பேசவில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் பன்னிரண்டு மெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களைக் கச்சேரி மேடையில் இன்றும் சொல்கிறார்கள்.

விதி எங்கும் முட்டிக்கொள்ளாமல் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டெழுத்து வந்தால் கடைசி மெய்யைத்தான் எண்ண வேண்டும் என்பது வழக்கம். ரத்னாங்கியில் ர 2, 'த்னா'வில் ன 0, ஆக 2. சரி. ஆனால் 'திவ்யமணி'யில் 'வ்ய' இருக்கிறது. கடைசி மெய் ய என்று எடுத்தால் 18 வரும். 18-ல் ஏற்கெனவே ஹாடகாம்பரி உட்கார்ந்திருக்கிறாள். எனவே இங்கே முதல் மெய் வ-வை எடுத்து 48 ஆக்கிக்கொண்டார்கள். 'சிம்மேந்திரமத்யமம்' இன்னும் வேடிக்கை. 'ஸிம்ஹே' என்பதில் ஹ-வை எண்ணினால் 87. எழுபத்திரண்டே உள்ள ஊரில் 87-ஆம் எண் வீடு ஏது? ம-வை எண்ணினால்தான் 57. நல்ல பெயர் கிடைத்தபோது விதியைக் கொஞ்சம் வளைத்திருக்கிறார்கள். நல்ல வேளை.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் வரும். தமிழில் ஒரே ஒரு ககரம்தான். 22-வது மேளமான கரகரப்ரியாவின் முதல் எழுத்து சமஸ்கிருதத்தில் இரண்டாவது ககரம், எண் 2. அடுத்து ர 2. ஆக 22. தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்துக் கணக்குப் போட்டால் க 1, ர 2, திருப்பினால் 21. அது கீரவாணி! தமிழ் எழுத்தை நம்பிப் போனால் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிடுவோம். தஞ்சாவூரில் செய்த பெயர்களாக இருந்தாலும் அவற்றின் சாவி தமிழ் எழுத்தில் இல்லை.

காவிரிப் படுகையில் பெயரும் எண்ணும் கலந்த கதை இன்னொன்றும் உண்டு. கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று பேர் சொல்லி நெல் விதைத்த ஊர்களில், 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் ஆடுதுறை 27, ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று எண்ணோடு வந்தன. சி.ஆர். 1009 என்ற ரகத்துக்குப் 'பொன்மணி' என்ற பெயர் இங்கே நிலைத்தது. ராகத்தில் பெயருக்குள் எண்ணை ஒளித்தார்கள், வயலில் எண்ணுக்கு மேல் பெயரைப் போர்த்தினார்கள். அது போகட்டும்.

பெயர் மட்டும் வைத்துவிட்டால் ராகம் ஆகிவிடாது. கரகரப்ரியா என்ற கட்டம் அட்டவணையில் இருந்தது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767-1847) கீர்த்தனைகள் செய்த பிறகுதான் அது பெரிய ராகம் ஆயிற்று. அவருக்கு முன் அதில் யாரும் பாடியதாகத் தெரியவில்லை என்பதுதான் இசை வரலாற்றில் பொதுவாகச் சொல்லப்படுவது. இன்று கரகரப்ரியா இல்லாத கர்நாடக சங்கீதத்தை யோசிக்க முடியுமா? ஒரு பெருக்கல் கணக்கின் விடை மக்கள் கண்ணீர் விடும் பாட்டாக மாறியது அப்படித்தான்.

அதே அட்டவணை சிலவற்றை இழக்கவும் வைத்தது. திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதரின் வழி, பழைய கனகாம்பரி வரிசையைப் பின்பற்றியது. அதில் 22-ஆம் இடத்தின் தலைவர் கரகரப்ரியா அல்ல, ஸ்ரீராகம். ஆரோகணத்தில் எல்லா ஸ்வரமும் வராத, வளைந்து நடக்கிற பழைய ராகம் அது. ஏழு ஸ்வரமும் ஏணிப்படி போல ஏறி இறங்கினால்தான் மேளம் என்று ஆன பிறகு, ஸ்ரீராகம் தன் நாற்காலியை விட்டுக் கரகரப்ரியாவின் பிள்ளையாக உட்கார வேண்டியதாயிற்று. பைரவியைப் பாருங்கள். இரண்டு தைவதமும் வருகிற ராகம். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஒரு தைவதத்துக்குத்தான் இடம். இருபதாவது மேளத்தின் கீழ் அதை வைத்து, இன்னொரு தைவதத்தை 'அந்நிய ஸ்வரம்' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். தன் சொந்த வீட்டில் பைரவியின் ஸ்வரம் அந்நியன்! கணக்கு மேளத்தை வரையறுக்கலாம், ராகத்தின் நடையை அது பார்ப்பதில்லை. பழைய ராகங்கள் சொற்றொடர்களாக இருந்தன. அட்டவணை அவற்றை எழுத்துகளாகப் பிரித்தது. தீட்சிதர் வழியின் முறையை 1904-ல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யாக அச்சில் கொண்டுவராமல் இருந்திருந்தால் அந்த நடைகளில் பல போயே போயிருக்கும்.

அதே 1904-ல் பம்பாயிலிருந்து தெற்கே பயணம் வந்த பாத்கண்டே என்ற இசை ஆய்வாளர், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரிடம் சதுர்தண்டி பிரகாசிகையின் சுவடியைக் கண்டார். பிற்பாடு அவர் ஹிந்துஸ்தானி ராகங்களைப் பத்துத் தாட்டுகளாகப் பிரித்ததில் இந்த மேள முறையின் பங்கு உண்டு. எழுபத்திரண்டையும் எடுத்துக்கொள்ளாமல் பத்தோடு நிறுத்திக்கொண்டது அவருடைய விவேகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுபத்திரண்டில் நாற்பது மேளங்கள் விவாதி மேளங்கள். அக்கம்பக்கத்து ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு, காதுக்குச் சற்று முரண்டாகக் கேட்பவை. கனகாங்கி முதல் ரசிகப்ரியா வரை இந்த நாற்பதில் பலவும் கணக்கினால் மட்டுமே பிறந்தவை. அவற்றைப் பாடினால் தீங்கு வரும் என்ற நம்பிக்கையும் வித்வான்களிடம் இருந்தது. அந்தப் பயத்தைப் பொருட்படுத்தாமல் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோடீஸ்வர ஐயர் எழுபத்திரண்டு மேளத்திலும் தமிழிலேயே கீர்த்தனைகள் செய்தார். 'கந்த கானாமுதம்' என்பது அந்தத் தொகுப்பு. ராகத்தின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே பொருளோடு கோத்துவிட்டார் என்பது அதன் அழகு. அவற்றைப் பாடிப் பரப்பியதில் எஸ். ராஜம் (1919-2010) அவர்களின் பங்கு பெரிது. பாலமுரளிகிருஷ்ணாவும் எழுபத்திரண்டிலும் கீர்த்தனைகள் செய்திருக்கிறார். வேங்கடமகி காலத்தில் வெறும் கணக்காக இருந்த ஐம்பத்து மூன்றில் ஒன்றுகூட இப்போது காலி இல்லை.

மெட்டுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவோம். அதற்கும் தஞ்சாவூரை விட்டுப் போக வேண்டியதில்லை. 1981-ல் அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. முதல் துணைவேந்தர் மொழியியல் அறிஞர் வ. அய். சுப்பிரமணியம். 1983-84-ல் அவருடைய முயற்சியில், ரஷ்ய மொழியில் உள்ள அறிவியல் எழுத்தைக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழாக்கும் சோதனைத் திட்டம் அங்கே ஆரம்பமானது. ஒரு மொழியியலாளர், ரஷ்ய மொழி தெரிந்தவர், கணினி தெரிந்தவர் என்று குழு அமைத்தார்கள். இந்தியாவில் கம்ப்யூட்டர் என்றால் பலர் பார்த்தே இராத காலம் அது. இந்திய இயந்திர மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதன் ஆரம்ப முயற்சிகளில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ரஷ்ய மொழியிலும் சரி, தமிழிலும் சரி, சொல் என்பது அகராதியில் இருக்கும்படியே வாக்கியத்தில் வராது. 'வா' என்ற ஓரெழுத்து வினை வந்தான், வருகிறாள், வராமல், வந்துகொண்டிருந்திருப்பார்களோ என்று ஆயிரக்கணக்கில் விரியும். அத்தனையையும் பட்டியல் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது. விதியைக் கொடுத்துச் சொல்லைப் பிறப்பிக்க வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தமிழ் பேசுகிற எவரும் தினமும் இதுவரை யாரும் சொல்லாத ஒரு சொல்வடிவத்தையாவது பிறப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கலைச்சொல் ஆக்கத்திலும் இதே கதைதான். வெப்பமானி வந்தது, பிறகு அழுத்தமானி, மழைமானி என்று 'மானி' ஓர் அச்சாக மாறிவிட்டது. கம்ப்யூட்டருக்கே கணிப்பொறி என்றும் கணினி என்றும் இரண்டு சொற்கள் செய்யப்பட்டன. இரண்டுமே இலக்கணத்துக்குச் சரி. கணினி ஜெயித்ததற்கு எந்த விதியும் காரணம் இல்லை, நாக்குக்குச் சுலபம் என்பதைத் தவிர.

கிளிக்கியை உருவாக்கிய கார்க்கி, தன் ஆய்வு அறக்கட்டளை மூலம் தமிழ்ச் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் 'பிரிபொறி', எதுகை மோனைக்குச் சொல் தேடித் தரும் 'ஏமோனி' போன்ற மென்பொருள்களையும் வெளியிட்டார். அவற்றில் 'பேரி' என்று ஒன்று. தமிழ் ஒலிக்கும் விதிக்கும் ஏற்றபடி புதுப் பெயர்களைப் பிறப்பித்துத் தரும். பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம் என்பது யோசனை. 'ஷ', 'ஜ' இல்லாமல் பெயரே கிடைப்பதில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல விடை. சினிமாவோடு முடிந்திருக்க வேண்டிய கிளிக்கியையும் அவர் விடவில்லை. படம் வந்து ஐந்து வருடம் கழித்து, 2020 பிப்ரவரி 21 அன்று, உலகத் தாய்மொழி நாளில், அதற்குத் தனி எழுத்தும் அகராதியும் கொண்ட இணையதளம் திறக்கப்பட்டது. ஒரு போர்க்களத்தில் சில நிமிடம் கத்துவதற்காகச் செய்த மொழி. அதில் 'நான் உன்னை' என்று சொல்ல ஆசைப்பட்டு யாராவது அந்த அகராதியைத் திறந்தால், 'மின்', 'நிம்' இரண்டும் அங்கே தயாராக இருந்தன.